மேசை ஹெட்போன் ஆம்ப், டாக் வாங்கப் போகிறீர்களா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெட்போனில் பாட்டுக் கேட்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறவர்கள் எங்கள் ஊரில் இப்போது கூடிவிட்டார்கள். உவர்மலை, உப்புவெளி, கிண்ணியா, சீனக்குடா என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்வி வருகிறது. கேட்பவர்கள் வேறு, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஆகவே அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு, கீழே பதிலை எழுதியிருக்கிறேன்.

என் நிலைப்பாடு இது: காசை முதலில் ஹெட்போனில் போடுங்கள். அடுத்து அந்த ஹெட்போனின் தேவைக்கு ஏற்ற ஆம்பில் போடுங்கள். டாக் கடைசி. திருகோணமலையில் இருக்கிறவர்கள் டாக்குக்கு முன்னால் வீட்டு எர்த்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அண்ணா, டாக் எண்டா என்ன, ஆம்ப் எண்டா என்ன? ரெண்டும் ஒண்டுதானே?

இரண்டும் வேறு வேலை. பாட்டு உங்கள் கணினியில் எண்களாக இருக்கிறது. அந்த எண்களை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றுவது டாக். அந்த மின்னழுத்தத்தை ஹெட்போனின் சுருளை அசைக்கும் அளவுக்கு வலுவாக்கிக் கொடுப்பது ஆம்ப். போன், லாப்டாப், டிவி எல்லாவற்றிலும் இரண்டும் சின்னதாக உள்ளேயே இருக்கின்றன. மேசையில் வைக்கும் பெட்டி அதே வேலையைப் பெரிய பவர் சப்ளையோடும், ஒழுங்கான வொலியூம் குமிழோடும் செய்கிறது.

என்ர போனிலயே நல்லாச் சத்தமாத்தான் கேக்குது. பிறகு என்னத்துக்கு இது?

தேவையில்லாமல் இருக்கலாம். ஆப்பிள் விற்கும் சின்ன யூஎஸ்பி-சி அடாப்டரையே எடுங்கள். அது சுமார் 1 வோல்ட் தரும் (ஐரோப்பாவுக்கென்று வரும் பதிப்பு அதில் பாதிதான்). சென்ஹைசர் எச்டி 650 என்ற 300 ஓம் ஹெட்போன் 1 வோல்ட்டில் 103 டெசிபல் சத்தம் போடும் என்று அதன் விவரத்தாள் சொல்கிறது. 103 டெசிபல் காதைக் கெடுக்கும் சத்தம். பெயர்பெற்ற ஒரு ஹெட்போனையே அவ்வளவு சின்ன வயர் ஓட்டிவிடுகிறது.

பெட்டி வாங்க மூன்று காரணங்கள்தான் எனக்கு நியாயமாகப் படுகின்றன. ஒன்று, சத்தம் போதவில்லை, அல்லது சத்தம் கூடும்போது கரகரக்கிறது. இரண்டு, பாட்டு ஓடாதபோதும் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் கேட்கிறது. மூன்று, கையில் பிடித்துத் திருப்ப ஒரு குமிழ், ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் போன்றவற்றைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி), ரிமோட், டிவிக்கும் கணினிக்கும் தனித்தனி இன்புட் என்று வசதி வேண்டும். இந்த மூன்றாவதும் நல்ல காரணம்தான். ஆனால் அது வசதிக்குக் கொடுக்கும் காசு என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

எனக்கு எவ்வளவு பவர் வேணும் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பெட்டியில ஓம், டெசிபல் எண்டு என்னவோ போட்டிருக்கு.

அந்த இரண்டு எண்களும் போதும். ஓம் என்பது மின்தடையின் அளவு. டெசிபல் என்பது குறிப்பிட்ட அளவு மின்சாரம் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பது. டெசிபலை இரண்டு விதமாகப் போடுவார்கள்: 1 மில்லிவாட்டுக்கு என்றும், 1 வோல்ட்டுக்கு என்றும். எது என்று பார்க்காமல் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடக்கூடாது. 300 ஓம் ஹெட்போனில் இந்த இரண்டு எண்களுக்கும் இடையே 5 டெசிபல் வித்தியாசம் வரும், 32 ஓமில் 15 டெசிபல் வரும்.

இலக்கை 110 டெசிபல் என்று வையுங்கள். அந்தச் சத்தத்தில் யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. சராசரியாக 75 டெசிபலில் கேட்டாலும், தவில்காரர் ஒரு தீர்மானத்தில் ஓங்கித் தட்டும் அந்தக் கணத்துக்கு 20, 25 டெசிபல் மேலே தேவைப்படும். மெதுவாகப் பதிந்த பழைய ஒலிப்பதிவுகளுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். 110 அதற்கான இடைவெளி.

கணக்கு இப்படி: ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பவர் இரண்டு மடங்கு, 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. எச்டி 650-ஐ 103-இலிருந்து 110-க்குக் கொண்டுபோக 7 டெசிபல் வேண்டும். அதற்கு சுமார் 2.2 வோல்ட், 17 மில்லிவாட். அவ்வளவுதான். இனி ஹைபைமேன் சுஸ்வாராவைப் பாருங்கள்: 60 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபல். 110-க்கு 27 டெசிபல் குறைகிறது. 27 டெசிபல் என்றால் 500 மடங்கு, அதாவது 500 மில்லிவாட், 5.5 வோல்ட். மேசை ஆம்ப் கட்டாயம் வேண்டிய ஹெட்போன் இதுதான். ஆம்பின் விவரத்தாளில் உங்கள் ஓமுக்குப் பக்கத்திலுள்ள எண்ணைப் பாருங்கள். '32 ஓமில் 3 வாட்' என்று பெரிதாகப் போட்டிருந்தால், 300 ஓமில் எவ்வளவு என்று கட்டாயம் தேடிப் பாருங்கள்.

ஓம் கூடின ஹெட்போன்தான் ஓட்டக் கஷ்டம் எண்டு எல்லாரும் சொல்லுறாங்களே?

மேலே உள்ள கணக்கே பதில். பேயர்டைனமிக் டிடி 880-இல் 600 ஓம் பதிப்பு ஒன்று உண்டு, 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். அதற்கு 110 டெசிபலுக்கு 25 மில்லிவாட்தான் வேண்டும், ஆனால் கிட்டத்தட்ட 4 வோல்ட் வேண்டும். 60 ஓம் சுஸ்வாராவுக்கு அதைவிட இருபது மடங்கு பவர் வேண்டும். ஓம் கூடினால் வோல்ட் கூட வேண்டும், ஓம் குறைந்து டெசிபலும் குறைந்தால் கரண்ட் கூட வேண்டும். ஓமை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முதல்ல ஆம்பை வாங்கி வச்சிட்டு பிறகு நல்ல ஹெட்போன் எடுப்பம் எண்டு நினைக்கிறன். சரியா?

சரியில்லை. ஒரு ஹெட்போனுக்கும் இன்னொன்றுக்கும் இடையே பேஸிலும் ட்ரெபிளிலும் 5, 10 டெசிபல் வித்தியாசம் சாதாரணம். ஒழுங்காகச் செய்த இரண்டு ஆம்புகளுக்கு இடையே அது ஒரு டெசிபலின் சிறு பங்குகூட இருக்காது.

ஹெட்போன் எடுக்கும்போது உங்கள் அறையையும் யோசியுங்கள். விலைகூடியவை பெரும்பாலும் பின்பக்கம் திறந்தவை. வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஃபேன் இல்லாமல் இங்கே யாரும் இருக்க முடியாது. தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றும்போது திறந்த ஹெட்போனில் வயலினின் மெல்லிய இழைகளைப் பிடிக்கப் பார்ப்பது வீண் முயற்சி. ஏசி அறை இருந்தால் திறந்தது, இல்லாவிட்டால் நல்ல மூடிய ஹெட்போன் ஒன்று. மூடியது காதில் வியர்க்கும் என்பதும் உண்மை. இரவில் ஃபேனைக் குறைத்துக் கேட்கிறவர்களுக்குத் திறந்ததே போதும்.

ஒரே பெட்டியா ரெண்டும் சேந்ததா எடுக்கிறதா, தனித்தனியா எடுக்கிறதா?

ஒரே பெட்டி. வயர் குறைவு, பிளக் குறைவு, பின்னால் வரப்போகும் எர்த் கேள்வியில் தலைவலியும் குறைவு. ஏற்கனவே ஒன்று வைத்திருப்பவர்களும், சுஸ்வாரா போன்ற ஓட்டக் கடினமான ஹெட்போன் வைத்திருப்பவர்களும் மட்டும் தனித்தனியாகப் போகலாம்.

எந்தச் சிப் நல்லது? ஈஎஸ்எஸ் எடுக்கவா, ஏகேஎம் எடுக்கவா? ஆர்-டூ-ஆர் எண்டும் ஒண்டு சொல்லுறாங்கள்.

ஈஎஸ்எஸ், ஏகேஎம் இரண்டும் டாக் சிப் செய்யும் கம்பனிகள். சிப்பின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். இதற்கு நடந்த கதையே சாட்சி. 2020 ஒக்டோபரில் ஜப்பானில் நொபெயோகா என்ற ஊரிலிருந்த ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. ஏகேஎம் சிப் கிடைக்காமல் பல கம்பனிகள் தங்கள் டாக்குகளை ஈஎஸ்எஸ் சிப்புக்கு மாற்றி வடிவமைத்தன. ஜெர்மனியின் ஆர்எம்ஈ தன் ஏடிஐ-2 டாக்கை அப்படித்தான் மாற்றியது. வேலையை ஒழுங்காகச் செய்த கம்பனியின் பெட்டி சிப் மாறிய பிறகும் நல்ல பெட்டியாகவே இருந்தது. சிப்பைச் சுற்றியுள்ள பவர் சப்ளையும், கடிகாரச் சுற்றும், வெளியே அனுப்பும் பகுதியும்தான் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

ஆர்-டூ-ஆர் என்பது வரிசையாக அடுக்கிய மின்தடைகளால் செய்த டாக். டெனாஃப்ரிப்ஸ், ஹோலோ ஓடியோ போன்றவை செய்கின்றன. பிரிட்டனின் கோர்ட் கம்பனி ஆயத்தச் சிப்பையே விட்டுவிட்டு எஃப்பிஜிஏ என்ற சிப்பில் தன் சொந்த நிரலை எழுதுகிறது. எல்லாமே நல்ல பொறியியல் வேலைப்பாடு. ஆனால் அவற்றின் விலைக்கும் காதில் கேட்கும் வித்தியாசத்துக்கும் உள்ள தூரம் பெரிது. அந்தக் காசு கையில் இருந்தால் முதலில் இன்னொரு நல்ல ஹெட்போன் எடுங்கள்.

32 பிட், 768 கிலோஹேர்ட்ஸ் எண்டு போட்டிருக்கு. என்ர பாட்டெல்லாம் சிடியில இருந்து எடுத்தது. அப்ப அது வீணா?

உங்கள் சிடிதான் போதுமானது. 1982-இல் சிடி வந்தபோது வைத்த அளவு 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ். வினாடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்தால் 22 கிலோஹேர்ட்ஸ் வரை முழுமையாகத் திருப்பி எடுக்கலாம். இளம் காதுக்கே 20 கிலோஹேர்ட்ஸ்தான் எல்லை, வயது போகப்போக அது இறங்கும். மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் இடையே 16 பிட் தருவது 96 டெசிபல் இடைவெளி. ஃபேன் ஓடும் அறையில் அதில் பாதியைக்கூட நீங்கள் பயன்படுத்த மாட்டீர்கள். பழைய இலங்கை வானொலி ஒலிநாடாக்களிலிருந்து எடுத்த பாடல்களென்றால், நாடாவின் இரைச்சலே அதற்கு வெகு முன்னால் வந்துவிடும்.

24 பிட் டாக் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. கணினியில் வொலியூமைக் குறைத்தாலும், ஈக்யூ போட்டாலும் விவரம் தொலையாது. அதற்கு மேல் வரும் எண்களை வாங்கும்போது கணக்கில் எடுக்க வேண்டாம்.

பலன்ஸ்ட் எண்டா சத்தம் நல்லாயிருக்குமாமே? 4.4 வயர் மாத்தினா வித்தியாசம் தெரியுமா?

பலன்ஸ்ட் வெளியீட்டில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஆம்ப் பகுதிகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. அதனால் வோல்ட் இரண்டு மடங்கு கிடைக்கும். கரண்ட் தாங்கினால் பவர் நான்கு மடங்குவரை கூடும். உங்கள் பெட்டி சாதாரண 6.35 மில்லிமீட்டர் சொக்கெட்டில் தேவையான பவரைத் தரவில்லை, பலன்ஸ்ட் சொக்கெட்டான 4.4 மில்லிமீட்டரிலோ எக்ஸ்எல்ஆர் என்ற நான்கு ஊசிச் சொக்கெட்டிலோ தருகிறது என்றால் வயரை மாற்றுங்கள். சாதாரண சொக்கெட்டிலேயே போதுமானது வருகிறதென்றால் மாற்றத் தேவையில்லை. மாற்றியதும் நன்றாகக் கேட்பதாகப் படுவது பெரும்பாலும் சத்தம் 6 டெசிபல் கூடியதால்தான். அதைச் சோதிக்கும் வழி கீழே வருகிறது.

வீட்டில அப்பாட பழைய ரிசீவர் இருக்கு, அதில ஹெட்போன் ஓட்டை இருக்கு. அதிலயே குத்தினாக் காணாதா?

சில ஹெட்போனுக்குக் காணும். பழைய ரிசீவர்களில் ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீட்டையே ஒரு பெரிய மின்தடை வழியாக ஹெட்போனுக்குக் கொடுப்பார்கள். 120 ஓம் என்பது அந்தக் காலத்துத் தரநிலை அளவு. அந்த மின்தடையும் ஹெட்போனும் வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. எச்டி 650 பெயருக்கு 300 ஓம் என்றாலும் பேஸ் பகுதியில் 500 ஓம் அளவுக்கு ஏறும். 120 ஓம் வெளியீட்டில் குத்தினால், அந்த இடத்தில் சுமார் 1 டெசிபல் பேஸ் கூடும். கொஞ்சம் தடித்த, கதகதப்பான ஒலி. சிலருக்கு அதுதான் பிடிக்கும்.

காதுக்குள் வைக்கும் ஐஇஎம் வகைகளில் நிலைமை வேறு. பல ட்ரைவர் (ஒலி எழுப்பும் பகுதி) உள்ளவற்றின் ஓம் ஓரிடத்தில் 10-க்குக் கீழேயும் இறங்கும், இன்னோரிடத்தில் பல மடங்கு ஏறும். 120 ஓமில் அவற்றின் ஒலியே ஆள்மாறாட்டம் ஆகிவிடும். பொதுவான விதி: ஆம்பின் வெளியீட்டு ஓம், ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். இப்போது வரும் நல்ல மேசை ஆம்புகளில் அது 1 ஓம் அளவில்தான் இருக்கும். பிளேனர் வகை (சுருளுக்குப் பதில் தட்டையான மென்தகடு அசையும்) ஹெட்போன்களின் ஓம் எல்லாச் சுருதியிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

ட்யூப் ஆம்ப் பாக்கவே ஆசையா இருக்கு. எடுக்கலாமா?

ட்யூப் ஆம்ப் என்பது பழைய ரேடியோ போல் கண்ணாடி வால்வுகளில் ஓடுவது. எச்டி 650 போன்ற ஓம் கூடிய ஹெட்போன் இருந்தால் எடுக்கலாம். வெளியே போகும் இடத்தில் ட்ரான்ஸ்போமர் இல்லாத ட்யூப் ஆம்புகளின் வெளியீட்டு ஓம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், ஆகவே மேலே சொன்ன எட்டில் ஒன்று விதி உடனே வேலைக்கு வந்துவிடும். 32 ஓம் ஹெட்போனோடு சேர்க்க வேண்டாம். ட்யூப் ஆம்ப் அறையையும் சூடாக்கும், நிறுத்திய பிறகும் உள்ளே ஆபத்தான வோல்ட் நிற்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கை எட்டாத இடத்தில் வையுங்கள், மூடியைக் கழற்றவே வேண்டாம்.

பெட்டியத் தொட்டா விரல்ல சுள்ளெண்டு இருக்கு. ஹெட்போன்ல 'ம்ம்ம்' எண்டு ஒரு சத்தமும் வருது. பழுதான சாமானைத் தந்திட்டாங்களா?

பெரும்பாலும் சாமான் நல்லது, எர்த்தில்தான் பிழை. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

சுள்ளென்பது பெரும்பாலும் இரண்டு கால் அடாப்டரால் வருவது. அந்த அடாப்டருக்குள் இரைச்சலைக் குறைக்க ஒரு சின்னக் கொண்டென்சர் 230 வோல்ட் பக்கத்தையும் வெளியே வரும் பக்கத்தையும் இணைக்கிறது. எர்த் இல்லாதபோது பெட்டியின் உலோக உடல் பாதி வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் ஒரு மில்லிஅம்பியரிலும் குறைவு, விரல் நுனியில் மட்டும் தெரியும். அதே பெட்டியை எர்த் உள்ள டெஸ்க்டொப் கணினியோடு யூஎஸ்பியில் இணைத்ததும் அது நின்றுவிடும். ஆனால் மூன்று கால் பிளக் உள்ள பெட்டி சுள்ளென்றால், அல்லது கை உதறும் அளவுக்கு அடித்தால், உடனே மெயினை நிறுத்திவிட்டு எலக்ரீசியனைக் கூப்பிடுங்கள். எங்கள் ஊரின் பழைய வீடுகளில் பிளக் பொயின்றில் மூன்று துளை இருக்கும், எர்த் வயர் பின்னால் எங்கும் போய்ச் சேராது. நிலத்தில் அடித்த எர்த் கம்பி கடற்கரைப் பக்கம் துருப்பிடித்து அறுந்திருப்பதும் உண்டு. பேனா மூடியால் எர்த் துளையை அமத்திக்கொண்டு இரண்டு கால் பிளக்கைச் சொருகும் பழக்கத்தையும் விடுங்கள். தொடர்பு தளர்ந்து பொறி பறக்கும். சரியான அடாப்டர் பிளக் கடையில் கிடைக்கிறது.

'ம்ம்ம்' என்பது எர்த் வளையம். கணினியும் ஆம்பும் வேறு வேறு பிளக்கிலிருந்து எர்த் எடுக்கின்றன, யூஎஸ்பி வயர் அவற்றை இன்னொரு வழியில் இணைக்கிறது, அந்த வளையத்தில் 50 ஹேர்ட்ஸ் ஓடுகிறது. மவுஸை அசைக்கும்போது 'கிர்ர்' என்று வருவதும் இதே குடும்பம்தான். லாப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. முதலில் எல்லாவற்றையும் ஒரே மல்ட்டி பிளக்கில் போடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் ஒப்டிக்கல் வயர் பாவியுங்கள். அதில் ஒளி மட்டும்தான் போகிறது, மின் இணைப்பே கிடையாது. 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் வரை பிரச்சினையில்லாமல் போகும், மேலே சொன்ன காரணங்களால் அது தாராளம். கணினியில் ஒப்டிக்கல் இல்லாவிட்டால் யூஎஸ்பி ஐசொலேட்டர் (யூஎஸ்பி வயரின் இரு பக்கத்தையும் மின்சாரத்தால் பிரித்து வைக்கும் சின்னப் பெட்டி) ஒன்று எடுக்கலாம். எர்த் காலை வெட்டிவிட்டால் சத்தம் நிற்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது, ஒருக்காலும் செய்யாதீர்கள்.

கனடாவில இருந்து அண்ணன் வரேக்க ஒண்டு கொண்டு வாறார். இங்க குத்தலாமா?

கொண்டுவருவதற்கு முன் பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெளி அடாப்டர் என்றால், அதில் '100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்' என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் இங்கே குத்தியதும் கருகிவிடும். சில பெட்டிகளில் பின்பக்கம் 115/230 மாற்றும் சுவிட்ச் இருக்கும். அதை மாற்றும்போது எந்த அளவு பியூஸ் போட வேண்டும் என்பதையும் கையேட்டில் பாருங்கள்.

120 மட்டும் உள்ள பெட்டியை வோல்ட் குறைக்கும் ட்ரான்ஸ்போமரில் ஓட்டலாம், ஆனால் அது மின்னழுத்தத்தை மட்டும்தான் மாற்றும். 60 ஹேர்ட்ஸுக்கென்று செய்த ட்ரான்ஸ்போமர் எங்கள் 50 ஹேர்ட்ஸில் கூடச் சூடாகும், உறுமும். விலைகூடிய ஆம்புக்கு இந்த வழி வேண்டாம், 230 வோல்ட் பதிப்பையே கேட்டு எடுங்கள்.

இடி மின்னல் நேரம் என்ன செய்யிறது? யூபிஎஸ்ல போட்டாப் பாதுகாப்பா?

ஒக்டோபர், நவம்பரில் இடி தொடங்கியதும் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதாது. ரவுட்டரிலிருந்து கணினிக்கு வரும் வயரையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வந்து யூஎஸ்பி ஊடாக டாக்கைத் தொடும். சேர்ஜ் பிளக் சின்ன ஏற்ற இறக்கத்தைத் தாங்கும், பக்கத்தில் விழும் மின்னலைத் தாங்காது.

மலிவான யூபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது படிப்படியான அலையைத்தான் தரும். உள்ளே ட்ரான்ஸ்போமர் உள்ள ஆம்ப் அதில் உறுமும். கரண்ட் போனால் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுங்கள். கரண்ட் திரும்பும்போது சில ஆம்புகள் 'டொக்' என்று ஒரு அடி அடிக்கும், காதுக்கும் ட்ரைவருக்கும் நல்லதல்ல. ஓன் செய்து சில வினாடிகள் கழித்து 'டிக்' என்று ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) விழுந்த பிறகே ஹெட்போனை இணைக்கும் ஆம்பாக எடுத்தால் இந்தப் பயம் இல்லை.

நாங்க கடற்கரைக்குக் கிட்ட. ரேடியோ, டிவி எல்லாம் ரெண்டு வருசத்தில கறள் பிடிக்குது. இவ்வளவு காசு போட்டு எடுத்தா நிக்குமா?

கவனித்தால் நிற்கும். ஹெட்போன் பிளக்கின் வளையங்களுக்கிடையே ஒரு மங்கல் படரும், பூச்சு போன இடத்தில் பச்சைக் களிம்பு தெரியும். அப்போதுதான் ஒரு காது விட்டுவிட்டுக் கேட்கும். ஐசோப்ரொபைல் அல்ககோல் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். பாவிக்காத சொக்கெட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். ஆம்ப் ஆறியபின் துணியால் மூடுங்கள், சூடாக இருக்கும்போது மூடவும் கூடாது, கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கவும் கூடாது.

வொலியூம் குமிழைத் திருப்பும்போது 'கரகர' என்றால் உள்ளே தடத்தில் அழுக்கும் ஈரமும் சேர்ந்துவிட்டது. இந்த ஊருக்கு, ரிலேயால் படிப்படியாக மாற்றும் வொலியூமோ டிஜிட்டல் வொலியூமோ உள்ள பெட்டியை விரும்பி எடுப்பேன். செயற்கைத் தோல் காது மெத்தைகள் மாரி ஈரத்தில் உரிந்து கறுப்புப் பொட்டாகக் கழுத்தில் ஒட்டும். துணி மெத்தை கிடைத்தால் அதை மாற்றிப் போடுங்கள்.

ரெண்டு ஆம்பை வச்சு எது நல்லது எண்டு எப்பிடி நேர்மையாப் பாக்கிறது?

சத்தத்தைச் சரிசமமாக்குங்கள். இதைச் செய்யாத ஒப்பீடு எதையும் நான் நம்புவதில்லை. ஒன்று அரை டெசிபல் கூடியிருந்தாலும் காது அதை 'கூடிய சத்தம்' என்று சொல்லாது, 'கூடிய தெளிவு' என்றுதான் சொல்லும்.

வழி எளிது. 100 ஹேர்ட்ஸ் ஒலிக்கோப்பு ஒன்றை ஓடவிடுங்கள். ஹார்ட்வெயார் கடையில் விற்கும் சாதாரண மல்டிமீட்டரே அந்த அளவு குறைந்த அதிர்வெண்ணில் நம்பத்தக்கது. ஹெட்போன் இணைந்திருக்கும்போதே வெளியீட்டில் ஏசி (மாறுமின்) வோல்ட்டை அளவிடுங்கள். ஒன்று 300 மில்லிவோல்ட் என்றால் மற்றதையும் 300-க்கு, 3 மில்லிவோல்ட் கூடக்குறையாமல் கொண்டுவாருங்கள். அது நூற்றுக்கு ஒன்று, 0.1 டெசிபலிலும் குறைவு. பிறகு எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் மாற்றிக் கொடுக்கட்டும். பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். ஒன்பது சரியென்றால் வித்தியாசம் இருக்கிறது, ஐந்தாறு என்றால் விலை குறைந்ததை எடுங்கள்.

நூறு மணித்தியாலம் ஓடவிட்டாத்தான் பெட்டி பழகும் எண்டது உண்மையா? வெள்ளி வயர்?

பழகுவது உங்கள் காது. வயரில் இணைப்பு உறுதியாக இருந்தால் போதும்.

சரி, பெயரைச் சொல்லுங்கோ. எதை எடுக்கிறது?

எச்டி 650 போன்ற ஹெட்போனும் கணினியும் மட்டும் என்றால், டொப்பிங், எஸ்எம்எஸ்எல், ஃபியோ போன்ற கம்பனிகளின் நடுத்தர ஒற்றைப் பெட்டியே எல்லாம் செய்யும். அதற்கு மேல் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆர்எம்ஈ ஏடிஐ-2 டாக். காரணம் ஒலி மட்டுமல்ல. பெட்டிக்குள்ளேயே ஈக்யூ இருக்கிறது, ஐஇஎம்முக்கென்று இரைச்சல் குறைந்த தனிச் சொக்கெட் இருக்கிறது, வொலியூம் குறையும்போது பேஸையும் ட்ரெபிளையும் காதின் இயல்புக்கேற்பத் தூக்கும் வசதியும் இருக்கிறது. இரவில் மெதுவாகக் கேட்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. சுஸ்வாரா வகை ஹெட்போன் என்றால் முதலில் பவர், பிறகுதான் மற்றவை. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எங்கே வாங்கினாலும், பழுது பார்க்க எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கொழும்பில் பம்பலப்பிட்டிப் பக்கம் வாங்கினால் இரவு ரயிலில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். வெளிநாட்டில் வாங்கினால் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில். இறக்குமதி செய்யும்போது சுங்க வரிக்கு மேல் 18 சதவீத வற் வரியும் கணக்கில் வரும்.

செக்கண்ட் ஹாண்ட் ஒண்டு வருது. என்ன பாக்கோணும்?

பாட்டுப் போடாமல் வொலியூமை முழுக்கத் திருப்பி இரைச்சலைக் கேளுங்கள், ஹெட்போன் காதிலிருந்து தள்ளி இருக்கட்டும். பிறகு பாட்டோடு மிகக் குறைந்த வொலியூமில் இரண்டு காதும் ஒரே அளவா என்று பாருங்கள். பிளக்கை மெதுவாகச் சுழற்றுங்கள், ஒலி விட்டால் சொக்கெட் தேய்ந்தது. அரை மணித்தியாலம் ஓடவிட்டுச் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். 230 வோல்ட் பதிப்பா என்பதைப் பின்பக்க ஒட்டுத்தாளில் வாசியுங்கள். மூல அடாப்டர் இல்லாவிட்டால் விலையைக் குறையுங்கள்.

தம்பி, மகன் விடியுமட்டும் இதைப் போட்டுக்கொண்டு கிடக்கிறான். காது போகாதா?

போகலாம், அன்ரி. ஆம்ப் இருப்பதால் அல்ல, சத்தத்தாலும் நேரத்தாலும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபல் என்றும், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்றும் எல்லை வைத்திருக்கிறது. சத்தம் 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும். நல்ல ஆம்பில் கரகரப்பு இல்லாததால் சத்தம் கூடியதே தெரியாது, அதனால்தான் கூடுதல் கவனம். ஆம்பில் கெயின் சுவிட்ச் (எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை மாற்றுவது) இருந்தால் குறைந்ததில் வைக்கச் சொல்லுங்கள். கேட்டு முடிந்ததும் காதில் 'ங்ங்' என்று இருந்தால் அன்றைக்குச் சத்தம் கூடிவிட்டது.

எல்லாம் சொன்ன மாதிரி வாங்கிட்டன் அண்ணா. ஆனா ட்ரெபிள் குத்துது. டாக்கை மாத்தவா, ஆம்பை மாத்தவா?

இரண்டையும் மாற்ற வேண்டாம். குத்துவது ஹெட்போனின் இயல்பு, அதை ஈக்யூவால் திருத்தலாம். ஆர்எம்ஈ இருந்தால் பெட்டியிலேயே செய்யுங்கள், வின்டோஸ் கணினியென்றால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. குத்தும் இடம் பெரும்பாலும் 6-க்கும் 9-க்கும் இடைப்பட்ட கிலோஹேர்ட்ஸில் இருக்கும். ஒரு ஃபில்டரை மைனஸ் 4 டெசிபலில் வைத்து அந்த இடைவெளியில் மெதுவாக நகர்த்துங்கள். பெண்குரலில் 'ஸ', 'ச' உறுத்தாமல் வரும் இடத்தில் நிறுத்துங்கள். எதையாவது கூட்டினால், கூட்டிய அளவுக்கு ப்ரீஆம்ப் அளவை (ஈக்யூவிலுள்ள மொத்த ஒலியளவு) குறையுங்கள், இல்லாவிட்டால் உச்சங்கள் வெட்டுப்படும். ஒரு கிழமை அப்படியே கேட்டுவிட்டு, பிறகும் பிடிக்காவிட்டால் மாற்ற வேண்டியது ஹெட்போன்.